ஷோகேஸுக்குள் போகாத பெட்டி

எங்கள் ஊரில் ஒரு மின்சாதனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல பொருள். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தால் ரொம்ப நல்ல பொருள். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால் அதற்குமேல் பேச்சே இல்லை, கட்டிக் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருக்கும் கருவி எந்தக் கோப்பைப் படிக்கும், எதைப் படிக்காது, எவ்வளவு கொள்ளும் என்று கேட்கிற ஆளை நான் இரண்டாயிரத்து ஆறில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில் பார்த்ததுண்டு. கடைக் கண்ணாடியில் என் முகமாகப் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். தமிழில் வந்த கம்ப்யூட்டர் பத்திரிகைகளை விளம்பரம் உட்பட மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஒரு நிமிடப் பாட்டு எவ்வளவு இடம் பிடிக்கும், அதையே சுருக்கினால் எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தேன். அப்பா உரக்கடை வைத்திருந்தார். அவரிடம் சொன்னால், "சரிம்மா" என்று கேட்டுவிட்டு யூரியா மூட்டையை எண்ணப் போய்விடுவார்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். எம்.எஸ்சி. கணிதம், அதற்குமேல் பி.எட். வைகாசியில் கல்யாணம் செய்து அரியலூருக்கு அனுப்பினோம். அத்தானுக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அவருடைய அப்பாவும் அதே ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது, அக்கா மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதப் போகிறாள் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "தாராளமா எழுதட்டுங்க. படிச்ச பொண்ணை அடுப்படியில உக்கார வைக்கவா கேட்டு வந்திருக்கோம்?" என்றார் அந்த மாமனார். அதைக் கேட்டு என் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தாராளத்துக்கு ஒரு எல்லை இருந்தது, அது போகப்போகத்தான் தெரிந்தது. தேர்வு எழுதலாம். ஆனால் படிப்பதற்காகத் திருச்சிக்கு வகுப்புக்குப் போகக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் உட்கார்ந்தால், "சும்மாதானே உக்காந்திருக்க, அந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சிடும்மா" என்று மாமியார் குரல் வரும். கையில் புத்தகத்தோடு ஒரு மருமகள் உட்கார்ந்திருப்பதை அந்த வீட்டில் யாரும் வேலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. கணிதம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தேர்வில் கல்வி உளவியலும் உண்டு, அதுதான் அவளை உறுத்தியது. திருச்சி வகுப்புக்காரர்கள் உளவியல் பாடம் முழுவதையும் பேசிப் பதிவு செய்து எம்பி3 கோப்புகளாக இரண்டு சிடியில் போட்டு விற்றார்கள். புத்தகத்தைப் பிடிக்கத்தான் கை வேண்டும், காதுக்குக் கை வேண்டாமே. சமைத்துக்கொண்டே பாடம் கேட்டுவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த வருடம் விட்டால் அடுத்த தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இடுப்பில் ஒரு குழந்தை வந்துவிடும், பிறகு தேர்வாவது ஒன்றாவது.

சிடி வந்தது. அதைப் பேச வைக்கும் கருவியும் அந்த வீட்டில் இருந்தது. ஆனால் அது இருந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வீடு சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையில் இருந்தது. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் உறை உண்டு. மிக்ஸிக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, உறைகளை வைக்கும் கூடைக்கும் ஒரு துணி. டிவியும் சிடி பிளேயரும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் இருந்தன. கதவுக்குப் பூட்டு. சாவி மாமனாரின் அரைஞாணில். ரிமோட்டைப் பாலிதீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி, அதை அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தப் பை வழியாகத்தான் அவர் பொத்தானை அழுத்துவார். எந்த எண் எங்கே இருக்கிறது என்று வெளியில் இருந்து யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆலையில் தூசியோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய மனுஷன், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூசி புகாத இடத்தில் மருமகளும் புக முடியாது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனவே பாடம் கேட்க வேண்டுமானால் அவர் செய்தி பார்த்து முடித்த பிறகு, மாமியாரின் தொடர் தொடங்குவதற்கு முன்னால், கதவு திறந்திருக்கும் அந்த இடைவெளியில் கேட்க வேண்டும். அதுவும் ஹாலில், டிவியைப் போட்டுக்கொண்டு. டிவியில் வெறும் நீலத்திரை. அதில் இருந்து ஒரு வாத்தியார் குரல், "ஆக, கற்றல் என்பது யாதெனில்..." என்று வரும்.

"படம் வரலையேம்மா. ரிப்பேரா?" என்று மாமியார் கேட்பார்.

"இதுக்குப் படம் இல்லை அத்தை. பேச்சு மட்டும்தான்."

"பேச்சுக்கு எதுக்கு டிவி? கரண்டு சும்மாவா வருது?"

நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அரியலூரில் ஆயுத பூஜை என்றால் லாரியில் தொடங்கி ஸ்பேனர் வரை சந்தனம், குங்குமம். அந்த வீட்டில் கத்தி, அரிவாள்மணை, தையல் மெஷின், அத்தானின் பைக், பிறகு அக்காவின் புத்தகங்கள் என்று வரிசையாக அடுக்கினார்கள். படிப்பும் ஆயுதம்தானே என்று பாட சிடிகளையும் எடுத்து வைத்தார் மாமியார். அதுவரை நல்ல மனசு. பொட்டு வைக்க வேண்டும். எந்தப் பக்கம் வைப்பது? எழுத்து இருக்கும் பக்கம் முதுகு மாதிரி மங்கலாக இருக்கிறது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி பளபள என்று இருக்கிறது. முகம் எதுவென்று யாரையும் கேட்க வேண்டியதில்லை அல்லவா? பளபளக்கும் பக்கத்தில் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், சுற்றிலும் மூன்று பொட்டு. இரண்டு சிடிக்கும்.

சந்தனம் அப்படியே காய்ந்திருந்தால்கூடக் காப்பாற்றியிருக்கலாம். நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போயிருக்கும். மறுநாள் மாமியார் அவற்றைப் பாத்திரத்தோடு சேர்த்துப் போட்டு, நார் வைத்து, சபீனாப் பொடி தூவி, விளக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்து, கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். அக்கா போனில் இதைச் சொன்னபோது அழவில்லை. "நல்லா பளபளன்னு இருக்குடி. முன்னைவிடப் பளபளன்னு இருக்கு. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது" என்றாள்.

அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன். சிடிகளை நம்பிப் பயனில்லை. கோப்பை உள்ளே வைத்துக்கொண்டு பாடுகிற கருவி வேண்டும். தலைதீபாவளி வேறு வருகிறது. மாப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம், பெரிய ஹார்ட் டிஸ்க்காகப் போட்டுக்கொள்ளலாம், பாடம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள் கிடக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். எந்த பிராசஸர், எவ்வளவு மெமரி என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அக்காவுக்கு போன் போட்டு அதையே சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா?" என்றாள்.

"முடிச்சிட்டேன்."

"கம்ப்யூட்டர் வந்தா அதுக்கும் ஒரு ஷோகேஸ் செய்வாங்கடி. இதைவிடப் பெருசா செய்வாங்க. அதுக்கும் ஒரு பூட்டு இருக்கும். சாவி யார் இடுப்புல இருக்கும்னு நான் சொல்லணுமா?"

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"ரிமோட் இல்லாம பாடணும். டிவி இல்லாம பாடணும். கரண்டு போனாலும் பாடணும். அடுப்படியில இருக்கணும். அப்புறம், பாக்குறதுக்கு அசிங்கமா இருக்கணும்."

"அசிங்கமாவா? எதுக்குடி?"

"அழகா இருந்தா ஹாலுக்குப் போயிடும்."

நான் படித்த எந்தப் பத்திரிகையிலும், எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இந்தத் தகுதியை யாரும் எழுதவில்லை.

வாங்கப் போகும் நாளில் சித்தப்பா வந்து சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் எலக்ட்ரானிக்ஸ் என்றால் சித்தப்பாதான். சிங்கப்பூரில் இரண்டு வருடம் கப்பல் கட்டும் இடத்தில் பெயின்ட் அடித்துவிட்டு வந்தவர். கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவருக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சிங்கப்பூரில் இருந்திருக்கிறார், அங்கே எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், ஆகவே தெரியும். அவர் முன்பே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். "ஹோம் தியேட்டர். அஞ்சு ஸ்பீக்கர், உறுமுறதுக்கு ஒரு பாஸ் பெட்டி. சீர்னா வாசல்ல இறக்கும்போது தெருவே பாக்கணும்."

"சித்தப்பா, அக்கா கேட்டது அது இல்லை."

"சீர் மாப்பிள்ளைக்குத்தாம்மா. உங்கக்காவுக்கா?"

திருச்சியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கேள்விகளுக்கெல்லாம் சித்தப்பாவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"இதுல என்னென்ன ஃபைல் ஓடும்ணே?"

"எல்லாம் ஓடும் பாப்பா."

"எல்லாம்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம்னா... எல்லாந்தான்."

இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே, பையில் ஒரு சிடி கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு வகைக் கோப்பும் ஒவ்வொன்று. இதைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். கடைக்காரர் சம்மதித்து அட்டைப்பெட்டியின் டேப்பில் கத்தியை வைத்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"என்னப்பா பண்ற? சீர்ப் பெட்டியைக் கடையிலேயே பிரிப்பாங்களா? நல்ல நேரத்துல மாப்பிள்ளை கையால பிரிக்கணும்."

"பாடுதான்னு பாக்க வேணாமா சித்தப்பா?"

"பாடாமயா விக்கிறான்? எவ்வளவு கனம் இருக்கு, தூக்கிப் பாரு."

தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. அப்படியாக, அந்த வீட்டின் இசை எடை போட்டு வாங்கப்பட்டது.

பில் போட்டதும் இலவசமாக ஒரு அயர்ன் பாக்ஸ் எடுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாங்கிய பொருளைவிட இலவசத்தின் மேல்தான் கண். சித்தப்பா ஹோம் தியேட்டரைப் பார்த்ததைவிட அந்த அயர்ன் பாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் கீழ்த்தட்டில், பழைய ரேடியோக்களுக்கு நடுவில், அது என் கண்ணில் பட்டது. டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. பாதி ஆரஞ்சு, பாதி பச்சை. மேலே பிடி, பக்கத்தில் ஆன்டெனா, முன்னால் ஐந்து பொத்தான்கள். பின்பக்கம் திருப்பினேன். பென் டிரைவ் செருகும் வாய் இருந்தது. பேட்டரி போடும் இடமும் இருந்தது. அழகு என்று வாய் தவறிக்கூட யாரும் சொல்லிவிட முடியாது.

"அது வேணாம் பாப்பா. விக்காத மால்" என்றார் கடைக்காரர். அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அயர்ன் பாக்ஸுக்குப் பதிலா இதைக் கொடுத்துடுங்க."

அவர் சிரித்துவிட்டார். சித்தப்பாவுக்குத்தான் மனசே இல்லை. "நல்ல அயர்ன் பாக்ஸை விட்டுட்டு இந்தக் குப்பையைத் தூக்கிட்டு வருது பாரு, இது இன்ஜினியராம்" என்று பெரம்பலூர் வந்து சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். குப்பையைக் கடையிலேயே, என் பென் டிரைவைச் செருகி, பாட வைத்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டேன். குப்பையைப் பிரிக்க நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.

அக்காவின் தோழி ஒருத்தியிடம் அதே பாட சிடிகள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றைக் கல்லூரி லேபில் பிரதி எடுத்தேன். பேச்சுக்குப் பாட்டு அளவுக்குத் தரம் வேண்டாம், அதனால் கோப்புகளைச் சுருக்கினேன். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்துப் போட்டால் கோப்பின் முதலில் இருந்து தொடங்கும். ஒரு மணிநேரப் பாடத்தில் கடைசிக் கட்டத்தில் மாமியார் கூப்பிட்டால் மறுபடி "ஆக, கற்றல் என்பது யாதெனில்" என்று ஆரம்பித்துவிடும். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வரிசை எண் கொடுத்து அடுக்கினேன். பென் டிரைவில் இடம் மிச்சம் இருந்தது. இந்தத் திறமையை மெச்ச வீட்டில் ஆள் இல்லை. நானே மெச்சிக்கொண்டேன்.

தீபாவளியன்று ஹோம் தியேட்டரைத் தாம்பாளத்தின் மேல் வைக்க முயன்றார்கள். தாம்பாளம் கொள்ளவில்லை. கட்டிலில் வைத்து, அட்டைப்பெட்டியின் மேல் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாவின் நெற்றியில் சரியாகச் சந்தனம் குங்குமம் வைத்தார் என் அம்மா. அத்தான் பிரித்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஆரஞ்சுப் பெட்டி அதிரசத் தூக்குக்குப் பக்கத்தில், வயர்க்கூடையில், செய்தித்தாள் சுற்றிக்கொண்டு அரியலூர் போயிற்று. அதற்குப் பொட்டு இல்லை, தட்டு இல்லை, சீரிலும் சேர்த்தி இல்லை. பொட்டு வைக்காத பொருளுக்கு அந்த வீட்டில் யாரும் பூட்டுப் போட மாட்டார்கள். அதை அக்கா முன்பே யோசித்திருந்தாளா, தெரியாது. நான் யோசிக்கவில்லை.

மார்கழி விடுமுறையில் அங்கே போனேன். ஆசாரியை வரவழைத்து ஷோகேஸை அகலப்படுத்தியிருந்தார்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் கண்ணாடிக்குப் பின்னால், பள்ளிக்கூட வரிசைபோல், தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"மாமா, சத்தம் சுத்தி வரணும்னுதான் அஞ்சு கொடுத்திருக்கான். ரெண்டைப் பின்னாடி வைக்கணும்" என்றேன்.

"பின்னாடி வச்சா வர்றவங்க எப்படிம்மா பாப்பாங்க?" என்றார் மாமனார்.

பாஸ் பெட்டியும் உள்ளேதான். அது ஒருமுறை உறுமியதும் கண்ணாடிக் கதவுகள் கிடுகிடு என்று ஆடி, மேல்தட்டில் இருந்த பீங்கான் அன்னம் ஒன்று கவிழ்ந்துவிட்டதாம். முதலில் சத்தத்தைக் குறைத்தார்கள், பிறகு அடியோடு நிறுத்தி, துணி போட்டு மூடியாயிற்று.

அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு பக்கம் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டு, அந்தக் குப்பை பேசிக்கொண்டிருந்தது. உறை இல்லை. மேலே சிமெண்ட் தூசி, அதன்மேல் தாளித்த எண்ணெய். அக்கா தோசை ஊற்றிக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கரண்ட் போயிற்று. பெட்டி நிற்கவில்லை.

"இந்த வாத்தியாருக்கு இன்னைக்குத் தொண்டை சரியில்ல பாத்தியா" என்றார் மாமியார்.

"பதிவு பண்ணப்ப அப்படி இருந்திருக்கும் அத்தை" என்றாள் அக்கா.

"ஏம்மா," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. இவர் சொல்ற பாடத்துல மணியடிச்சா நாய்க்கு எச்சி ஊறுதாமே. தினம் மணியடிக்கிறானுவ. கடைசியில அதுக்குச் சோறு போட்டானுவளா இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. அக்கா அடக்க மாட்டாமல் சிரித்ததில் ஒரு தோசை கருகியது.

மாமனாரும் தப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மகன் படிக்கவில்லை என்று புலம்பியபோது, "அது குமரப் பருவத்துக் கொந்தளிப்புங்க. அடிக்கக் கூடாது, ஊக்கல் கொடுக்கணும்" என்று சாய்வு நாற்காலியில் இருந்து விளக்கம் சொன்னார். எங்கே கற்றுக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது. அடுப்படிச் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை.

அக்கா தேர்வு எழுதினாள். உளவியலில் ஒரு கேள்விகூட விடவில்லை என்றாள். அடுத்த வருடம் உடையார்பாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் பணி நியமனம் வந்தது. சேர்வதற்கு முந்தைய ஞாயிறு சொந்தக்காரர்கள் வாழ்த்த வந்தார்கள். நானும் போயிருந்தேன், சித்தப்பாவும் வந்திருந்தார். மாமனார் எல்லோரையும் ஷோகேஸுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, கையைக் காட்டிச் சொன்னார்:

"எல்லாம் இது வந்த நேரம். சீரா வந்து இறங்குச்சு, ஒரு வருஷத்துல வூட்டுக்கு கவர்மெண்ட் வேலை."

சித்தப்பா தலையை ஆட்டினார். "நான்தான் பாத்து எடுத்தேன். கனத்தைப் பாத்தே சொல்லிடுவேன்."

"அதைப் போட்டு எத்தனை மாசமாச்சு?" அடுப்படியில் இருந்து மாமியாரின் குரல் வந்தது.

மாமனார் எழுந்தார். அரைஞாணில் இருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, துணியை நீக்கி, அதற்கென்றே தனிப் பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்த ரிமோட்டை நீட்டி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பைக்குள் வெளிர்பச்சையாக ஏதோ கசிந்திருப்பதை நான் இருந்த இடத்தில் இருந்தே பார்க்க முடிந்தது. பேட்டரி உள்ளேயே ஊறிப் பூத்துப்போயிருந்தது. தூசி மட்டும் ஒரு துளி இல்லை.

அக்கா காபித் தட்டோடு வந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காபி ஆறிடும் மாமா" என்று மட்டும் சொன்னாள். பிறகு மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் புடவை எடுத்து வைக்க உள்ளே போய்விட்டாள்.

அடுப்படியில் மாமியார் ஆரஞ்சுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். வாத்தியார் மறுபடியும் அந்த நாய்க்கு மணியடித்துக்கொண்டிருந்தார்.